இரும்பாண்டியின் மூன்றாம் நாள்

1979 ஜனவரி 9, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. ஸரூக் இன்றும் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டார். வாடகை அறையில் இருக்கிற ஆள் மாதிரி.

கொழும்பில் அவருடைய குரல்வளையை எடுத்து நாலு மாதமாகிறது. கட்டி முழுசாகப் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். மேலே எந்நேரமும் ஒரு வெள்ளைத் துணி. சரி, குரல் போயிற்று. கையும் கண்ணும் எங்கே போயின? ஒரு சைகை காட்டினால் குறைந்தா போவார்? சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. நேற்று ஆத்திரத்தில் நானே அதில் 'உங்களுக்குக் கல்நெஞ்சு' என்று எழுதி முன்னால் வைத்தேன். வாசித்தார். கையால் துடைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய பேச்சே நாலு பிள்ளைகளின் சத்தத்துக்குச் சமமாக இருந்தது. 'கொஞ்சம் வாயை மூடுங்க' என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஜனவரி 26, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து மொஹிதீன் ஹாஜியார் வந்தார். கமர் டாக்கீஸ் அவருடையது. ஸரூக் அங்கே பதினைந்து வருஷம் படம் ஓட்டியவர். ஓட்டியது மட்டுமா? இங்கிலீஷ் படம் வந்தால் மெஷின் கெபினில் இருந்தபடி மைக்கில் தமிழில் சொல்வதும் அவர்தான். வியாழக்கிழமை பகலில் வெறும் கொட்டகையில் படத்தைப் போட்டுப் பார்ப்போம். கொன்வென்டில் படித்த எனக்கு இங்கிலீஷ் தெரியும். நான் அர்த்தம் சொல்வேன், அவர் அதைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பேச்சாக மாற்றிவிடுவார். நான் கொடுப்பது அரிசி, அவர் ஆக்குவது புரியாணி என்று அவரே சொல்லிக்கொள்வார். பெருமைக்குக் குறைவில்லாத மனுஷன்.

அந்த எந்திர மனிதன் படங்கள் இரண்டுக்கும் அப்படித்தான் செய்தோம். படத்தில் அதற்கு ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த பெயர், வாயில் நுழையாது. ஸரூக் 'இரும்பாண்டி' என்று வைத்தார். ஆளைவிட ஒரு முழம் உயரம், நெஞ்சில் ஒரு மஞ்சள் விளக்கு. கொல்லச் சொல்லிச் செய்துவிட்ட யந்திரம், கொல்ல மாட்டேன் என்று ஏழைகள் பக்கம் வந்து நின்றுவிடும். ஆபத்தில் இறங்குமுன் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை பேசும். 'விலகி நில்' என்று நான் அர்த்தம் சொன்னேன். ஸரூக் அடித்தொண்டையிலிருந்து ஒரு கரகரத்த குரலை எடுத்து, "தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். கொட்டகை அதிர்ந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் மூட்டை ஏற்றுகிறவர் முதல் பிரசவம் பார்க்கிற மருத்துவிச்சி வரை அந்த வசனம்தான்.

அந்தக் கரகரப்பு அப்போதே அந்தக் கட்டிதானோ? இப்போது யோசித்து என்ன.

ஹாஜியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கட கையாள் புவாத் தனியா ஓட்டுறான், வாரத்துக்கு ரெண்டு தரம் படம் அறுந்து போகுது. நீங்க வாங்க ஸரூக். மெஷினோட பேசத் தேவல்லயே" என்றார். ஸரூக் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஹாஜியார் என்னிடம் மெதுவாக, "மார்ச் முடிய நிரந்தரமா ஒரு ஆளப் போடணும் மகள். கோவிக்க வேணாம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

அக்குறணையிலிருந்து ஸரூக்கின் மூத்தவர், புஹாரி நானா வந்தார். அங்கே அவருக்குப் பலசரக்குக் கடை.

"தம்பி, என்ட கடைக்கு வந்து இருங்க. பின்னால ஸ்டோர்ல சாமான் பாத்தா போதும். யாரும் காண மாட்டாங்க."

யாரும் காண மாட்டாங்க. அந்த வார்த்தைக்குத்தான் ஸரூக் தலையாட்டினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு தலையாட்டல், அதுவும் இதற்கா? மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. என்னை ஒரு வார்த்தை — சரி, வார்த்தை இல்லை. ஒரு பார்வைகூடக் கேட்கவில்லை.

எனக்கு அக்குறணை பயமில்லை. வெங்காய மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் நடுவே உட்கார வைத்தால் இவரும் ஒரு மூட்டையாகிவிடுவார். அதுதான் பயம். பிறகு எழுப்ப முடியாது.

மார்ச் 2, வெள்ளி

இரும்பாண்டியின் மூன்றாவது படம் வருகிறது. பதினாறாம் திகதியிலிருந்து. கடைசிப் பாகமாம். புவாத் வாசலில் நின்று சொன்னதை, பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நான் இரண்டு மடங்கு சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவ்வளவுதான்.

மைக்கில் என்னைப் பேசச் சொல்லி ஹாஜியார் கேட்டனுப்பியிருந்தார். ஒத்துக்கொண்டேன். ஊர் நாலு விதமாகப் பேசும், பேசட்டும். நான் படத்தைக் கெடுக்கிறேன் என்ற கோபத்திலாவது இவர் எழுந்து வருவார் என்று ஒரு நப்பாசை.

மார்ச் 15, வியாழன்

இன்று வெறும் கொட்டகையில் படம் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலி.

கதை நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. உள்ளே தீ, நூறு கூலிகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இரும்பாண்டி வெளியிலிருந்து உள்ளே போய், இடிந்து விழுகிற கூரையைத் தோளில் தாங்கி நிற்கிறான். கூலிகள் அவனைத் தாண்டி வெளிச்சத்துக்கு ஓடுகிறார்கள். கடைசி ஆள் போனதும் கூரை விழுகிறது, தீ மூடுகிறது. முதல் இரண்டு படங்களிலும் இந்த இடத்தில் அவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான். இதில் வரவில்லை. சாம்பலில் ஒரு கை. நெஞ்சு விளக்கு இரண்டு தரம் மினுக்கி அணைகிறது. படம் முடிந்தது.

இதை எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று, "இரும்பாண்டி மவுத்தாப் போறான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இராச் சாப்பாடு வைத்தபடி இருக்கிறது.

மார்ச் 16, வெள்ளி

மானம் போயிற்று. மற்ற ஆட்களின் பேச்சை எப்படியோ சமாளித்தேன். இரும்பாண்டிக்காக வாயைத் திறந்ததுதான் தாமதம், கீழே ஒருத்தன்: "அடேய், இரும்பாண்டிக்குக் கல்யாணம் ஆயிருச்சு, சம்சாரம் பேசுது."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவன் சொன்னதில் பொய்யில்லை.

மார்ச் 18, ஞாயிறு

இன்று தோட்டத்துச் சனம். பசறைப் பக்கத்திலிருந்து, ஹாலிஎலப் பக்கத்திலிருந்து, பஸ் பஸ்ஸாக. கேலரியில் முதல் வரிசையில் தனலெட்சுமி. கொழுந்து பறிக்கிறவர். முதல் படத்தையே ஏழு தரம் பார்த்தவர், ஸரூக்குக்குக் குரல் போன சங்கதி தெரிந்தபோது ஒரு பை நிறைய மரக்கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்.

வெள்ளிக்கிழமை பட்டது போதும் என்று ஒரு முடிவோடு போனேன். எல்லாருக்கும் பேசுவேன், இரும்பாண்டிக்குப் பேச மாட்டேன். அது அவருடைய இடம், காலியாகவே கிடக்கட்டும்.

அந்த இடம் வந்தது. இரும்பாண்டி சுரங்க வாசலில் நின்று கூலிகளின் பெண்டுகளைத் திரும்பிப் பார்க்கிறான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு கீழேயிருந்து, ஆணும் பெண்ணுமாக, முழுக் கொட்டகையும் —

"தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

அவருடைய இழுவை, அவருடைய கரகரப்பு, அப்படியே.

முடிவில் பெரிய ஒப்பாரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நெஞ்சு விளக்கு அணைந்ததைப் பார்த்தார்கள், துண்டை உதறித் தோளில் போட்டார்கள், எழுந்தார்கள். தனலெட்சுமி கெபின் படிக்குக் கீழே நின்று, "நானா எப்படி இருக்காரு?" என்று ஸரூக்கை விசாரித்தார்.

"இருக்கார்" என்றேன்.

"சரி தங்கச்சி. செவ்வாக்கெழம வாரோம்."

வேலை நாளில் எதற்கு? கேட்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

கொட்டகை அவருடைய வசனத்தைச் சொன்னதை வீட்டுக்கு வந்து கதவு வழியாகச் சொன்னேன். கதவு திறந்தது. நின்று என்னைப் பார்த்தார். முழுக் கொட்டகையுமா என்று கேட்கிற பார்வை.

"ஆமா. முழுக் கொட்டகையும்."

மறுபடி சாத்திக்கொண்டார். ஆனால் மெதுவாக.

மார்ச் 19, திங்கள்

ட்ரங்குப் பெட்டியில் கம்பளி உடுப்புகளை அடுக்கினேன். பிறகு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குளிர்.

மார்ச் 21, புதன்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக் காட்சிக்கு ஈ காக்கை வராது. நேற்று ஆறு மணிக்கு ஒரு லொறி வந்து நின்றது. நிறையச் சனம். வேலை விட்டதும் குளித்து, ஈரத் தலையோடு, வெளுத்த உடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். தனலெட்சுமி கையில் வாழையிலையால் மூடிய செம்பு. எல்லாருக்கும் முன்னால் முருகையா கங்காணி.

"முதலாளி, எரிக்கிறத நாங்க பாத்துட்டோங்க. எழுப்புறத போடுங்க" என்றார் அவர்.

ஹாஜியாருக்கு விளங்கவில்லை. "எதை எழுப்புற? இது படம். நேத்து ஓடினதுதான் இண்டைக்கும் ஓடும்."

"இன்னைக்கு மூணாம் நாளுங்க."

தனலெட்சுமிதான் எனக்கு விளக்கினார். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் கோபத்தில் காமனை எரித்துவிடுவார். காமன் பெண்சாதி ரதி அழுது மன்றாடுவாள். மூன்றாம் நாள் பால் தெளித்து அவனை எழுப்புவார்கள். "போன செவ்வாக்கெழம எரிச்சோம், வியாழக்கெழம எழுப்பினோம். நல்லவன எரிச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போவாங்களா தங்கச்சி? அது தோட்டத்துக்கு ஆகாது. வெள்ளக்காரனுக்கும் ஏதாச்சும் மொறை இருக்குமில்ல?"

டிக்கெட் கிழிக்கிறவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர்கள் பாதி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் அழவில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். கொட்டகைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைச் சந்தில்தான் வீடு. ஏன் ஓடினேன் என்று இன்றும் தெரியவில்லை, ஒரு சங்கதி என்றால் அவரிடம் ஓடிப் பழக்கம். கதவைத் தட்டாமலே திறந்து எல்லாவற்றையும் மூச்சிரைக்கச் சொன்னேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கழுத்துத் துளையில் விசில் மாதிரி ஒரு சத்தம். மூச்சடைக்கிறது என்று பதறிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

சிரித்து முடித்து, சற்று யோசித்தார். எழுந்து சட்டையை மாட்டினார். துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். எனக்கு முன்னால் நடந்தார்.

கெபினில் புவாத் துள்ளி எழுந்தான். ஸரூக் கடைசி ரீலை எடுத்து, வெளிச்சமில்லாமல் வெறுமனே ஓடவிட்டுக் கீழ்ச் சக்கரத்தில் சேர்த்தார். பிறகு மோட்டார் பெல்ட்டைக் கழற்றினார், நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி எட்டு மாதிரி மாட்டினார். இனி மெஷின் பின்பக்கமாகச் சுற்றும். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லி புவாத்துக்குச் சைகை காட்டினார். ஆறு மாதத்தில் நான் கண்ட முதல் கைச் சைகை.

ஹாஜியார் படியேறி வந்துவிட்டார். "படம் கிழிஞ்சா கொழும்புக் கம்பெனிக்கு நான் என்ன சொல்ற? ஏலாது ஸரூக்."

ஸரூக் திரும்பினார். அவருடைய தோளில் கை வைத்து ஓரடி பின்னால் நகர்த்தினார். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். யாரும் பேசவில்லை, ஆனால் அந்த வசனம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. ஹாஜியார் ஒதுங்கி நின்றார்.

அந்த விரல்கள் பற்சக்கரங்களில் படச்சுருளைப் பூட்டுவதைப் பார்த்தேன். தடுமாற்றமில்லை. அழுகை வந்துவிட்டது. எழுதத்தான் வேண்டும்: வாய்விட்டு அழுதேன். மைக் திறந்திருந்தது. முழுக் கொட்டகையும் கேட்டு, பேச்சை நிறுத்திவிட்டது. நான் அழுதுகொண்டிருக்கும்போதே திரையில் சாம்பல்.

ஒலியை நிறுத்தியிருந்தார். மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். அணைந்த விளக்கு இரண்டு தரம் மினுக்கி எரிந்தது. தீ சுருங்கிச் சுருங்கி உள்ளே போயிற்று. விழுந்த கூரை எழுந்தது, அதன் கீழே இரும்பாண்டி நிமிர்ந்து நின்றான். வெளிச்சத்திலிருந்து கூலிகள், ஆணும் பெண்ணும், முதுகுப்பக்கமாகவே ஓடி ஓடிச் சுரங்கத்துக்குள் வந்தார்கள். நூறு பேரும். அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். அவன் தோளைக் கூரையிலிருந்து எடுத்தான். ஒவ்வொரு அடியாகப் பின்வைத்து, இருட்டிலிருந்து வெளியே, சுரங்க வாசலுக்கு, வெயிலுக்கு வந்து நின்றான்.

அந்த இடத்தில் ஸரூக் வெளிச்சத்தை மறைத்தார். திரை இருண்டது.

கீழே குலவைச் சத்தம். தனலெட்சுமி எழுந்து போய்த் திரைக்கு அடியில் பாலைத் தெளித்தார். ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனுஷனின் கொட்டகையில். நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்டும் காணல்ல" என்றார்.

யாரோ கேட்டார்கள்: "உள்ள போன ஆளுக எப்ப வெளிய வருவாங்க?"

மைக்கைப் பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பின்னாலயே வருவாங்க" என்றேன். ஸரூக்கின் தோள் மறுபடி குலுங்கியது.

தனலெட்சுமி கெபின் படி வரை வந்தார். "ரதி அழுதாத்தான் எழுப்புவாங்க. சரியான நேரத்துல அழுதீங்க தங்கச்சி" என்றார். பிறகு: "பாத்தீங்களா, அம்புட்டுப் பேரும் உள்ள போயி அந்த ஒரு ஆள வெளிய கொண்டாந்தாங்க."

அவர்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். நான் அதைத் திருத்தவில்லை. எதற்குத் திருத்த? என் கண்ணாலும் அதைத்தான் பார்த்தேன்.

செம்பில் பால் மிச்சம் இருந்தது. "குடிங்க நானா" என்று நீட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு என் முன்னாலேயே எதுவும் குடிக்காதவர். வாங்கினார். அத்தனை பேர் பார்க்க அண்ணாந்து குடித்தார். கழுத்துத் துணியில் கொஞ்சம் சிந்தியது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மார்ச் 31, சனி

புஹாரி நானா லொறியோடு வந்தார். ஸரூக் தேத்தண்ணீர் கொடுத்து உபசரித்தார், கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காட்சி காட்டினார், லொறியை வெறுமையாக அனுப்பினார். ட்ரங்குப் பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. பயம் அவ்வளவு சுலபமாகப் போகாது.

மே 4, வெள்ளி

சண்டை. ஒரு குதிரைக்காரன் படம். துப்பாக்கிக்காரனுக்கு நான் கொடுத்த குரல் பூனைக் குரலாம், மூக்கைப் பிடித்து நடித்துக் காட்டுகிறார். 'அப்ப நீங்களே பேசுங்க' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிலேட்டை எடுத்தார். எழுதினார்: 'அரிசி சரியில்லை.'

பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

காலையில் பேக்கரியில் பாண் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். போய் வெகுநேரம். என்ன பேரமோ, கையாலேயே பேசி ஒரு கூட்டத்தைச் சேர்த்திருப்பார். அறையைக் கூட்டப் போனபோது பார்த்தேன், கழுத்துத் துணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடினேன். தெருக்கோடியில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கூப்பிடவில்லை. துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். இன்று நல்ல வெயில்.